கைமாற்றாக ஒரு பசி

நாச்சிமுத்துவை ஒரு விசேஷத்துக்கு அழைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பத்திரிகையைப் போனில் அனுப்பினால் ஆகாது. நேரில் வரவேண்டும். வந்தாலும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமாக வரவேண்டும். ஒருவர் மட்டும் வந்தால், "ஏன், அவிகளுக்கு எங்க ஊட்டு வாசப்படி ஏற முடியலையாமா?" என்று கேட்பார். இருவரும் சேர்ந்து வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகை வைத்துக் கூப்பிட்டாலும் முடிந்துவிடாது. "எங்க ஊட்டுக்கு எத்தனாவதா வந்தீங்க?" என்று சிரித்துக்கொண்டே விசாரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பி உண்மையைச் சொன்னவர்கள் கெட்டார்கள்.

கோயமுத்தூரில் அப்போது வண்டிகள் தாமாகவே ஓடத் தொடங்கியிருந்தன. பால் பொங்குவதற்கு முன்னால் அடுப்பு தானாக அணைந்தது. இன்ன காய்ச்சல் வரப்போகிறது என்று கைக்கடிகாரம் முன்கூட்டியே சொன்னது. கல்யாண மண்டபத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது மட்டும் பழையபடியேதான் இருந்தது. அந்த இடப் பஞ்சத்தால்தான் நாச்சிமுத்துவுக்கும் அவருடைய அக்கா ரேணுகாவுக்கும் பேச்சு நின்றுபோனது.

அக்கா மகள் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் தலையில் உருமால் கட்டிக்கொள்ளும் மரியாதை இவருக்குத்தான். ஆனால் இவர் தம் காரை எந்திரத்தை நம்பி விடமாட்டார். தாமே ஓட்டிக்கொண்டு, இடம் தேடி மண்டபத்தைச் சுற்றி வந்தார். சுற்றிக்கொண்டே இருந்தார். உள்ளே முகூர்த்தம் நெருங்கிவிட்டது. பெரியவர்கள் பொறுக்கமாட்டாமல் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து உருமாலைக் கட்டிவிட்டார்கள். நாச்சிமுத்து வியர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தபோது, அந்தத் தம்பி தலைப்பாகையோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். கை நனைக்காமல் காரை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவர், ஆறு வருஷமாக அக்கா இருக்கும் பொள்ளாச்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அன்றைக்குக் காரில் பட்டுப்புடவையோடும் பசியோடும் கூடவே உட்கார்ந்து வந்தவள் அவர் மனைவி சுபாஷினி. அவளுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வீம்புக்கு இன்னொரு பக்கமும் உண்டென்று அவளுக்குத் தெரியும். கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் நாச்சிமுத்துவுக்கு ஒரு பம்ப்செட் பட்டறை. வெளியே போகும் ஒவ்வொரு பம்ப்பையும் முழு நாள் தண்ணீர்த் தொட்டியில் ஓடவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார். சத்தம் லேசாகக் கரகரத்தாலும் போச்சு, பிரித்துப் போட்டுவிடுவார். நாச்சிமுத்து பம்ப்பு மக்கர் பண்ணுது என்று எவனும் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. ஒரு தடவை உடுமலையிலிருந்து ஒரு பம்ப் திரும்பி வந்தபோது, பட்டறைக்குப் பின்னால் போய் நின்று அழுதார். சுபாஷினி அதைப் பார்த்துவிட்டாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரே மகன் அபினவ் இதற்கு நேர் எதிர். இருபது வயது. நல்ல பிள்ளை, யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லமாட்டான். ஆனால் எதையும் செய்யவும் மாட்டான். பொறியியல் படிப்பில் சேர்ந்து, அதில் பாதிப் பாடங்களைத் தொங்கலில் விட்டுவிட்டு வீட்டில் இருந்தான்.

"ஏங்கண்ணு, பரிச்ச எழுதலையா?" என்பார் நாச்சிமுத்து.

"எழுதலாம்ப்பா. எழுதி?"

"பாஸ் பண்ணலாம்."

"பண்ணி?"

"நாலு பேரு மதிப்பாங்கடா."

"மதிச்சு?"

மதிப்புக்கு அப்பால் ஓர் ஊர் இருப்பதாகவே நாச்சிமுத்துவுக்குத் தெரியாது. கோபத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவார். அபினவ் எழுந்து சமையலறைக்கு வந்து, அம்மாவுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுப்பான். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டது, மொட்டைமாடியில் தேனீக்கள் வந்து போவது என்று ஊர்க் கதையெல்லாம் பேசுவான். பிள்ளை உருப்படாமல் போகிறானே என்று அவளுக்கு வெசனம்தான். இருந்தாலும் அந்தக் காலை நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருப்பதை வெளியே சொல்லத்தான் வெட்கம்.

அவினாசி ரோட்டில் தேவை மாற்று மையம் என்று ஒன்று திறந்திருப்பதாக நாச்சிமுத்துவுக்கு யாரோ சொன்னார்கள். அடுத்த வாரமே மூவரும் அங்கே போய் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் பெயர் நஸ்ரீன். உக்கடத்தில் பிறந்து வளர்ந்தவர். எதையும் அவசரப்படாமல் பேசினார்.

"மனுசனுக்குப் பல விதமான பசி இருக்குதுங்க. வயித்துப் பசி உங்களுக்கே தெரியும். அது அடங்குனா நாளைக்கு என்ன ஆகுமோங்கற பயம் வரும். அதுவும் சரியாச்சுன்னா நாலு பேரோட ஒட்டி ஒறவா இருக்கணும்னு தோணும். அதுக்கு மேல போனா மதிப்பு."

நாச்சிமுத்து நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அதேதானுங்க. அதுதான் இவனுக்கு இல்லைங்க."

"இருங்க, இன்னொண்ணு இருக்குது. தனக்குள்ள இருக்கறது முழுசா மலரணும்ங்கற பசி. கேக்க ஆளே இல்லைன்னாலும் ஒருத்தர் உக்காந்து வீணை வாசிக்கறாரில்லைங்களா, அது."

"அது இருக்கட்டுங்க. மதிப்ப மொதல்ல ஏத்தி உடுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஏத்தறதுக்கு நாங்க புதுசா உண்டாக்க முடியாதுங்க. இருக்கற ஒருத்தர்கிட்ட இருந்து எடுத்து இல்லாதவருக்குக் குடுக்கலாம். மூளையில ஒவ்வொரு பசிக்கும் ஒரு தாளம் இருக்குது. குடுக்கறவர்கிட்ட அத அமத்திட்டு, வாங்கறவர்கிட்ட ஓட்டுவோம். காதுக்குப் பின்னால ஒரு சின்னப் பட்டை ஒட்டறதோட சரி. ஆனா ரெண்டு பேரும் பல வருசம் ஒரே ஊட்ல ஒண்ணாப் பொழங்கியிருக்கணும். அப்பத்தான் மூளை அத அடையாளம் கண்டுக்கும்."

"எங்கிட்ட வேணுங்கறது இருக்குதுங்க, எடுத்துக்கங்க," என்றார் நாச்சிமுத்து. அவர் சொன்னதில் பொய்யே இல்லை.

"மூணு மாசத்துக்குக் கைமாத்தா வெச்சுக்கங்க. அப்பறம் வந்து, திருப்பி வாங்கிக்கறதா, தம்பிக்கே இருந்துட்டுப் போகட்டுமான்னு முடிவு பண்ணலாம். ரெண்டு பேருமே வேண்டாம்னு சொன்னா அது கரைஞ்சு போயிரும். கரைஞ்சா கரைஞ்சதுதான்."

சுபாஷினி குறுக்கிட்டாள். "அது இல்லைன்னா இவரு எப்புடிங்க இருப்பாரு?" என்று கேட்டாள்.

"நிம்மதியா இருப்பாருங்க."

நாச்சிமுத்துவோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. டாக்டர் அபினவைப் பார்த்து உனக்குச் சம்மதமா என்றார். "அப்பாவுக்குச் சந்தோசம்னா செய்யலாங்க," என்றான் அவன். அரை மணி நேரத்தில் காரியம் முடிந்துவிட்டது.

திரும்பி வரும்போதே வித்தியாசம் தெரிந்தது. நாச்சிமுத்து காரைத் தானாக ஓடவிட்டுவிட்டு, சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கினார். வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அபினவ் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே, நாச்சிமுத்து பொள்ளாச்சிக்குக் கிளம்பினார். சுபாஷினியும் பதறிக்கொண்டு கூடப் போனாள். வாசலில் தம்பியைப் பார்த்ததும் ரேணுகா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் தம்பி, ஆறு வருசமா எங்கடா போயிருந்தே?"

"வண்டி நிறுத்த எடம் தேடிட்டு இருந்தேன்க்கா," என்றார் நாச்சிமுத்து.

அக்காவும் தம்பியும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். நாச்சிமுத்து அரிசிம்பருப்பு சாதத்தை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். உருமால் கட்டிக்கொண்ட அந்த ஒன்றுவிட்ட தம்பியையும் போனில் கூப்பிட்டு நலம் விசாரித்தார். "எப்புடிங்க நங்கையா, உங்க தம்பி நல்லாயிட்டாருங்களா?" என்று சுபாஷினி நாத்தனாரின் காதோடு கேட்டாள். "இதுக்கு மேல நல்லாக வேண்டாம், இதே போதும்," என்றாள் ரேணுகா. வரும் வழியில் சுபாஷினி மனசுக்குள் டாக்டர் நஸ்ரீனுக்கு ஆயிரம் கும்பிடு போட்டாள்.

பையன் விஷயமும் அமர்க்களமாகத்தான் ஆரம்பித்தது. தொங்கலில் கிடந்த பாடங்களையெல்லாம் அபினவ் ஒரே மூச்சில் எழுதித் தள்ளினான். கல்லூரிக்குத் திரும்பிப் போய்ப் பேச்சுப் போட்டியில் சேர்ந்தான். எந்திர மனிதன் செய்கிற குழுவில் சேர்ந்து, பத்தே நாளில் அதற்குத் தலைவனாகிவிட்டான். தெருவில் போவோர் வருவோரெல்லாம், "உங்க பையனாமே" என்று சுபாஷினியை நிறுத்தி விசாரித்தார்கள். வெங்காயத்தை மட்டும் அவள் தனியாக உரித்தாள்.

பிறகு மெல்ல மெல்ல மற்றதும் வந்தது. தன் படத்துக்கு விருப்பக்குறி போடாத பால்ய சிநேகிதனோடு அபினவ் பேச்சை நிறுத்தினான். தன்னைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கிய பெண் எப்படி வாங்கினாள் என்று மூன்று நாள் துப்பறிந்தான். பரிசளிப்பு விழாவில் தன்னை மூன்றாவதாக மேடைக்குக் கூப்பிட்டார்கள் என்று கேடயத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தான். மதியம் கண்ணயர்ந்தாலும் தூக்கத்தில் பற்களைக் கடித்தான். யாருடைய சாமான் யாரிடம் இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

ஒருநாள் பேச்சுப் போட்டிப் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினான்.

"எப்புடிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு கண்ணு."

"நெசமாவா?"

"நெசமாத்தான் சாமி. எனக்கு அழுகையே வந்திருச்சு."

"போம்மா. நீ அம்மா. நீ சொல்றது கணக்குல வராது," என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பிள்ளை விளையாட்டாகச் சொன்னான் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அன்று மாலை வரைக்கும் அந்த வார்த்தை மனசை விட்டுப் போகவில்லை.

அதே வாரம் பல்லடத்திலிருந்து ஒரு விவசாயி பட்டறைக்கு நேரில் வந்தார். மதியச் சாப்பாடு கொண்டுபோன சுபாஷினி அங்கேதான் இருந்தாள். புதுப் பம்ப் இரண்டு முறை நின்றுபோய், தண்ணீர் பாயாமல், அவருடைய தக்காளித் தோட்டம் முச்சூடும் வாடிவிட்டது. சண்டை போடுவதற்கென்றே வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே வந்தார் மனிதர்.

"உங்க பேருக்காக வாங்குனதுங்க. நாச்சிமுத்து பம்ப்புன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்னாங்க."

"போச்சாதுங்க," என்றார் நாச்சிமுத்து புன்னகையோடு. பரவாயில்லை என்று சொல்லக் கொங்கு நாட்டார் வைத்திருக்கும் அந்தச் சொல் இப்போதெல்லாம் அவர் வாயில் ஓயாமல் வந்தது. "வேற ஒண்ணு தந்தர்றேன். டீ குடிங்க."

விவசாயி டீயைக் குடித்தார். போகும்போது, தப்பான பட்டறைக்கு வந்துவிட்டோமோ என்பதுபோல் பெயர்ப் பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். சோதனைத் தொட்டியில் தண்ணீரே இல்லை. முக்காலியின் மேல் யாரோ பழைய துணியைப் போட்டிருந்தார்கள்.

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையாங்க?" என்று கேட்டாள் சுபாஷினி.

"பாவம்னு தோணுச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, நானும் டீ குடிச்சேன்," என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பத்து வயது குறைந்தவர்போல் இருந்தார். இந்த முறை பட்டறைக்குப் பின்னால் போய் நின்று அழுதது சுபாஷினி. சிடுசிடுப்பான, தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் அந்தப் பழைய மனிதர் அவளுக்கு வேண்டும்போல் இருந்தது. இதை யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்றும் தெரிந்தது.

மூன்று மாதம் முடிந்து மையத்துக்குப் போனார்கள். டாக்டர் நஸ்ரீன் முதலில் நாச்சிமுத்துவைக் கேட்டார்.

"எனக்கு வேண்டாங்க," என்றார் அவர். "இப்பத்தான் மனுசனா இருக்கறேன். அத வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"தம்பி?"

அபினவின் கண்கள் குழிவிழுந்திருந்தன. "எடுத்துருங்க டாக்டர். இன்னைக்கே எடுத்துருங்க. ஒருத்தர் சிரிச்சா என்னையப் பாத்துத்தான் சிரிக்கறாங்கன்னு இருக்குது. அப்பா இத வெச்சுக்கிட்டு இத்தனை வருசம் எப்புடிப்பா இருந்தீங்க?"

"பழகிருச்சு கண்ணு," என்றார் நாச்சிமுத்து. மகனுடைய தலையைத் தடவிக் கொடுத்தார்.

"ரெண்டு பேருமே வேண்டாம்னா அது கரைஞ்சு போயிரும்," என்றார் டாக்டர். "நல்லா யோசிச்சுக்கங்க. பின்னால வேணும்னாலும் வராது. ஐயாவோட தொழில் ஒண்ணு இருக்குதில்லைங்களா, அது இதுமேலதான் நின்னுட்டு இருந்திருக்குது."

"கரையட்டுங்க, போச்சாது," என்றார் நாச்சிமுத்து.

சுபாஷினிக்கு மனசு கேட்கவில்லை. மிச்சம் ஆகிற எதையும் வீணாக்க அவளால் முடியாது. காலையில் மீந்த இட்லியை மதியம் அவள்தான் தின்பாள். பால் சட்டியின் அடியில் ஒட்டியதை வழித்துத் தின்பாள். மகன் பாதி கடித்து வைத்த கொய்யாப்பழத்தைக்கூட, குப்பைக்குப் போகவேண்டாமே என்று வாயில் போட்டுக்கொள்வாள். வேண்டும் என்று தின்றதில்லை, வீணாகிறதே என்று தின்றதுதான். இவ்வளவு பெரிய சாமானை, ஒரு பட்டறையையே தூக்கி நிறுத்திய சாமானை, சாக்கடையில் ஊற்றுகிறோம் என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

"நான் வாங்கிக்கறனுங்க," என்றாள்.

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். "உனக்கெதுக்கு அம்மிணி இந்தத் தலைவலி?"

"வீணாப் போகுதில்லைங்களா. கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும். உங்களுக்கு எப்பவாச்சும் வேணும்னு தோணுச்சுன்னா எடுத்துக்கங்க."

"ஒரே ஊட்ல இருந்தவங்கதானே, ஏத்துக்கும்," என்று டாக்டர் அவளை மட்டும் உள்ளறைக்கு அழைத்துப் போனார்.

நாற்காலியில் சாயவைத்து, காதுக்குப் பின்னால் பட்டையை ஒட்டினார். சுபாஷினி கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் பட்டையை எடுத்து, துடைத்து, மறுபடியும் ஒட்டினார். திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏத்துக்கலைங்களா?" என்றாள் சுபாஷினி. "நான் அவ்வளவு படிக்கலைங்க. அதனாலயா?"

"அதெல்லாம் இல்லைங்க. எடம் இல்லைங்க."

"எங்க எடம் இல்லை?"

"உங்ககிட்டத்தான். உங்களுக்கு ஏற்கெனவே அது இருக்குது. முழுசா இருக்குது. உங்க ஊட்டுக்காரரு குடுத்தத விட உங்களுது பெருசு."

சுபாஷினி சிரித்தாள். "தப்பா பாத்துட்டீங்க. நான் ஆருகிட்டயும் எதுவும் கேட்டதே இல்லைங்க. ஒரு கல்யாணத்துல ஆரு என்னையக் கூப்பிட்டாங்க, கூப்பிடலைன்னு கூட எனக்கு ஞாபகம் இருக்காது."

"கேக்கலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. ஊட்ல எல்லாரும் உக்காந்து சாப்படறப்ப நீங்க என்ன கேப்பீங்க?"

"என்னத்தக் கேப்பேன்? உப்பு சரியா இருக்குதான்னு கேப்பேன்."

"தெனமும் கேப்பீங்களா?"

"கேப்பனுங்க."

"உப்பு எப்பவாச்சும் தப்பிருக்குதுங்களா?"

சுபாஷினி யோசித்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு இல்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் கை அளவு தப்பாது. அது அவளுக்கே தெரியும்.

"இல்லைங்க."

"அப்பறம் எதுக்குங்க கேக்கறீங்க?"

அவள் கண்முன் இருபத்திரண்டு வருஷத்துச் சாப்பாட்டு வேளைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. உப்பு சரியா இருக்குதா? ம், இருக்குது. போனைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார்கள். நாச்சிமுத்து சில நாள் அதுவும் சொல்லமாட்டார், தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். அவள் மறுநாளும் கேட்பாள். தான் ஒருநாளும் உப்பைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. துக்கம் துக்கமாக வந்தது. கூடவே ஒரு கோபமும் வந்தது. அது யார்மேல் என்றுதான் உடனே சொல்லத் தெரியவில்லை. தன்மேலும் இருந்தது.

"இத்தனை நாளா இது உள்ள என்னங்க பண்ணிட்டு இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"காத்துட்டு இருந்திருக்கும்ங்க. எல்லாப் பசியும் அப்படித்தான். வயித்துப் பசியா இருந்தா ஒரு நேரம் பாத்துட்டு மயக்கம் போட்டு உழுந்துருவோம். இது அப்புடிக் கீழ தள்ளாது. மனுசன் நடமாடிட்டே இருப்பான்." டாக்டர் பட்டையை மெல்லக் கழற்றினார். "நான் அன்னைக்குக் கடைசியா ஒரு பசி சொன்னேன் பாருங்க, மலர்றது. இது கொஞ்சமாச்சும் ஆறினாத்தான் அது தலையத் தூக்கும். உங்களுக்கு அதுவும் அடியில தெரியுதுங்க. சின்னதா, ஆனா இருக்குது."

சுபாஷினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் நாச்சிமுத்து காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அபினவ் சுவரில் தலையைச் சாய்த்திருந்தான்.

"முடிஞ்சுதா அம்மிணி?"

"இல்லைங்க. எனக்கு எடம் இல்லையாமா. என்னுதே நெறைஞ்சு கெடக்குதாமா." இதை அவள் சொன்ன விதத்தில் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "உள்ள போயி உங்களுத நீங்களே வாங்கிக்கங்க."

"நாந்தான் வேண்டாம்னு சொன்னேனே. இப்ப நான் நல்லாத்தானே இருக்கறேன்? உங்கிட்ட ஒரு நாள் கோவப்பட்டிருப்பனா?"

"நீங்க நல்லாத்தான் இருக்கறீங்க. மூணு மாசமா நான் எதச் செஞ்சாலும் நல்லாருக்குதுங்கறீங்க. ரசத்துல புளி போட மறந்த அன்னைக்கும் நல்லாருக்குதுன்னீங்க. மதிப்புன்னா என்னன்னே தெரியாத மனுசன் நல்லாருக்குதுன்னு சொல்லி எனக்கு என்னங்க ஆகப்போகுது?" குரல் உடைந்தது, ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. "அது இருந்தப்ப மதிப்போட அருமை உங்களுக்குத் தெரியும், ஆனா எனக்குன்னு ஒரு நல்ல வார்த்தை நீங்க சொன்னதே இல்லை. இப்பச் சொல்றீங்க, ஆனா தெரியலை. எனக்கு ரெண்டும் சேந்து வேணும். அது எப்புடி வலிக்கும்னு தெரிஞ்ச ஒருத்தரு, எனக்கும் வலிக்கும்னு நெனச்சுப் பாக்கணும்."

வராந்தாவில் இருந்த மற்றவர்கள் கேட்காததுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய நாச்சிமுத்துவாக இருந்தால் அதற்கே கூனிக்குறுகியிருப்பார். இந்த நாச்சிமுத்துவுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. ஆனால் மனைவி அழுவது உறைத்தது. பாசத்தை டாக்டர் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. அவர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"திரும்பவும் சிடுசிடும்பேன்," என்றார்.

"சிடுசிடுங்க. நானும் சும்மா இருக்கமாட்டேன்."

அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. சுபாஷினி காலியான நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்படிப் பேசுவாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

அபினவ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இன்னும் சற்று நேரத்தில் அவனுக்குள் அந்தத் தாளம் அடங்கிவிடும். அதற்குள் எதையாவது கேட்டுவிடவேண்டும் என்பதுபோல் அவன் வேகமாகக் கேட்டான்.

"அம்மா, உனக்கு என்னதாம்மா வேணும்?"

யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. ஒண்ணும் வேண்டாம் கண்ணு என்ற பதில் பழக்கத்தில் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவள் அதை அங்கேயே நிறுத்தி, விழுங்கினாள்.

"இரு சாமி," என்றாள். "நெறைய இருக்குது. ஒண்ணொண்ணாச் சொல்றேன்."